தண்ணீர் காட்டாத விரிப்பு

கூடத்துச் சணல் விரிப்பைக் காலையில் பெருக்கப்போன தவசிக்கனி, அடக்கம் செய்து சில நாளே ஆகியிருந்த தன் மகளின் இரண்டு காலடிகள் அதன் நடுவில் பதிந்திருப்பதைப் பார்த்தான். அந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் பெருக்கினான். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற மனைவியிடம், "பிள்ளை வந்து நிக்கா, பாத்து நட" என்றான். புஷ்பம் வந்து பார்த்தாள். கடற்கரை மணலில் நின்றுவிட்டுப் போனது மாதிரி, குதிகாலும் ஐந்து விரலும் தெளிவாக அமுங்கி, அந்த இடத்துச் சணல் மட்டும் படிந்து கிடந்தது. அவள் குனிந்து தொடப்போய், தொடாமலே கையை எடுத்துக்கொண்டாள். பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள். அன்றைய காப்பியில் இரண்டு தடவை சீனி விழுந்திருந்தது. இரண்டு பேரும் அதைக் குடித்தார்கள்.

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து உப்பளத்துப் பக்கம் பிரியும் தெருவில் இருந்த மூன்று மாடிக் குடியிருப்பு அது. அங்கிருந்து கடல் தெரியாது, ஆனால் கடல் எல்லாவற்றிலும் இருக்கும். கதவுக் கீலில் துருவாக, சுவரில் பூத்த உப்பாக, பெட்டியில் பற்றாத தீக்குச்சியாக. குடிக்கிற தண்ணீர்தான் எப்போதாவது வரும். வருகிற நாளில் கீழே குழாயடியில் குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும். பிறகு மாடிப்படி முழுக்கப் பெண்களும் ஆண்களும் இடுப்பிலும் தோளிலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு, ஒருவர் மூச்சு ஒருவர் முதுகில் பட ஏறிப்போவார்கள்.

தவசிக்கனி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கல்கத்தாவிலிருந்து வந்த சரக்கில் கட்டுப் பிரிந்துபோன சில விரிப்புகளைக் கிடங்கில் போட்டு விற்றபோது அவன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான், தேன் நிறம், கூடத்தில் பாதியை அடைக்கும் அகலம். மகள் நித்திலா அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். மொசைக் தரையில் கால் வழுக்கி விழுந்து விழுந்து அழுதவள், சணலில் ஏற்றிவிட்டதும் விரல்களை ஊன்றிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் நின்று, அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். விற்ற ஆள் ஒரே ஒரு பக்குவம்தான் சொல்லி அனுப்பியிருந்தான். "வெயில் காட்டலாம், காத்து காட்டலாம், தண்ணி மட்டும் காட்டிராதீங்க அண்ணாச்சி. தண்ணி குடிச்ச சணல் செத்த சணல்." ஆறு வயதில் நித்திலா வயிற்று வலிக்காக அறுவைச் சிகிச்சைக்குப் போனாள், மயக்கம் தெளியாமலே போய்விட்டாள். அவள் கால் பட்டுக் கிடந்த விரிப்பு வீட்டில் இருந்தது. அவள் அதில் வந்து நின்றாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் நடந்தது. ஏன், எப்படி என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் தெம்பில்லை.

பகலில் நடந்து பெருக்கிப் புழங்க, அந்தத் தடம் மெல்ல மெல்ல நிமிர்ந்து மறைந்துவிடும். மறுநாள் விடியும்போது புதிதாகப் பதிந்திருக்கும். இது தெரிந்துபோன பிறகு தவசிக்கனி அந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டது மாதிரி யாரும் எதையும் பார்த்துக்கொண்டதில்லை. தென்னந்துடைப்பம் இழையைப் பிரித்துவிடும் என்று பூந்துடைப்பம் வாங்கினான், பின்னல் போகிற போக்கிலேயே பெருக்கினான், எதிராக ஒரு இழுப்பு இழுத்ததில்லை; ஞாயிற்றுக்கிழமைகளில் இளவெயில் நேரத்தில் மொட்டை மாடிக் கொடியில் குப்புறப் போட்டு மண்ணை உதறினான், உச்சி வெயில் ஏறினால் நிறம் செத்துவிடும் என்று அதற்கு முன்பே எடுத்துவந்தான்; ஆப்பசோடாவை மாவு மாதிரித் தூவி, ஊறவிட்டு, உலர்ந்த வாடையோடு பெருக்கியெடுத்தான்; எண்ணெய் சிந்தினால் சோளமாவைப் போட்டு உறிஞ்சவைத்தான், காப்பி சிந்தினால் தேய்க்காமல் பழைய பருத்தி வேட்டியை வைத்து ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தான்; ஓரம் பிரிந்தால் கோணி ஊசியால் தைத்தான்; ஐப்பசி பிறந்ததும் நான்கு மூலையிலும் வேப்பிலைக் கொத்தை வைத்து, மழை விடும் வரைக்கும் மின்விசிறியை நிறுத்தாமல் ஓடவிட்டு, துறைமுகத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஈரத்துணி அந்தக் கூடத்தின் வாசலைத் தாண்டியதில்லை.

முதலில் வந்து பார்த்தவள் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா. காலையில் தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தவள், கையில் கிண்ணத்தோடு நின்று பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏ புஷ்பம், இது நம்ம நித்திலா கால்லா!"

"ஆமாக்கா."

"எப்ப வந்தா?"

"நேத்துல இருந்து நிக்கா."

"அடுப்படியப் பாத்துல்லா நிக்கா. அம்மாவத் தேடுதா, பாவம்" என்றாள் பிலோமி அக்கா. உறை மோரை மறந்துவிட்டுப் போய், கதவு கதவாகச் சொல்லிவிட்டு, மோர் ஞாபகம் வந்து திரும்பி வந்தாள்.

அது உண்மைதான். விரல்கள் எப்போதும் அடுப்படி வாசலைப் பார்த்தே இருந்தன. ஒரே பக்கம் தேயாமல் இருக்க விரிப்பை அவன் மாதத்துக்கு ஒரு முறை தலைகால் மாற்றிப் போடுவான். அப்படிப் போட்டாலும் மறுநாள் காலடி அடுப்படியைப் பார்த்தே திரும்பியிருக்கும். "பெத்தவ இருக்க திசை பிள்ளைக்குத் தெரியாதா?" என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். புஷ்பம் அதைக் கேட்கும்போதெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் அவள் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தப் பெருமையை வைத்துத்தான் அவள் மூன்று வேளையும் சமைத்தாள்.

குடியிருப்பு அதை எடுத்துக்கொண்ட விதம் இதுதான். சங்கச் செயலாளர் பூலோகபாண்டி அண்ணாச்சி, கீழ்வீட்டுக்காரர், டயர் கடை வைத்திருந்தவர், மாடிப்படித் திருப்பத்தில் கூட்டம் போட்டு, இனிமேல் யாரும் மூடி இல்லாத குடத்தை அந்தப் படியில் சுமந்து போகக் கூடாது என்று சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேல்தொட்டி வழிந்தால் முதலில் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவது எல்லார் வீட்டு வேலையும் ஆனது. தவசிக்கனி வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்காமல் கோலப்பொடி மட்டும் தூவினார்கள். கல்யாண வீடுகளில் அந்த ஒரு கதவுக்கு முன்னால் பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் கால் கழுவினால், துண்டால் துடைத்து, துடைத்ததைக் காட்டி, அதன் பிறகுதான் அந்த வாசலைத் தாண்டினார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக் கரண்டு மீட்டர் எங்கே, குப்பை வண்டி எப்போது என்று சொல்லும்போதே, "ரெண்டாம் மாடில ஒரு பிள்ளை இருக்கு, அதுக்குத் தண்ணி ஆகாது" என்றும் சொல்லிவைத்தார்கள்.

பிள்ளை வளர்ந்தது. பள்ளிக்கூடம் திறந்த சமயம் ஒரு காலையில் பிலோமி அக்கா குனிந்து பார்த்து, "கால் நீண்டிருக்குளா" என்றாள். நூலை எடுத்துவந்து அளந்தார்கள், நீண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் தன் பேத்திகளுக்கு வாங்கும்போது நித்திலாவுக்கும் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி, விரிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

"அப்பன் கால்லா இவளுக்கு வந்திருக்கு, வத்தைத் தோணி மாதிரி" என்பாள். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் செருப்புக் கடையோடதான் சீர் கேப்பான்."

"நீங்க ஒண்ணு, மைனி. பத்தாம் வகுப்பு முடியட்டும் முதல்ல" என்பார் பூலோகபாண்டி.

ஒருமுறை மதுரையிலிருந்து வந்த புஷ்பத்தின் ஒன்றுவிட்ட அண்ணன், விரிப்பைப் பார்த்து முகம் வெளுத்து, ராமேஸ்வரத்தில் ஒரு பரிகாரம் செய்தால் சரியாகும் என்றான். பூலோகபாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்யா, உம்ம பிள்ளை உம்ம வீட்டுல நின்னா, அதைத் தொரத்தவா ராமேஸ்வரம் போவீரு?" என்று கேட்டு, அவன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டார்.

இப்படியே வருடங்கள் போயின. தவசிக்கனிக்குத் தலை நரைத்தது. நித்திலாவின் கால் புஷ்பத்தின் காலைத் தாண்டியது. அந்த வருடம் மார்கழியில் மழை கொட்டியது. குளங்கள் உடைந்து தண்ணீர் ஊருக்குள் வந்தது. கீழ்வீடுகள் மூழ்கின. எல்லாரும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள், பச்சைப் பிள்ளைக்காரிகள், சர்க்கரை நோயாளிகள், கூண்டோடு ஒரு கிளி. தவசிக்கனி கதவைத் திறந்துவைத்தான். ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. சொட்டச் சொட்ட மாடிப்படியிலேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. பேரப்பிள்ளைய வச்சிக்கிட்டுப் படியில உக்காந்தா எப்படி?"

"நாங்க நனைஞ்சிருக்கோம்ல, தம்பி" என்றார் பூலோகபாண்டி. குளிரில் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது அவருக்கு. "நீரு கதவச் சாத்தும். சாரல் அடிக்கி."

தவசிக்கனி நின்றான். பிறகு கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வெளியே குழந்தைகள் இருமுவதைக் கேட்டபடி, நான் என்ன மனுசன் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆனாலும் திறக்கவில்லை.

சாரலில் தரை ஈரமாகத் தொடங்கியதும் விரிப்பைச் சுருட்டி நாற்காலிகள்மேல் ஏற்ற வேண்டியிருந்தது. தூக்கித் திருப்பும்போது சுருளின் முனை இடித்து, அடுப்படி வாசலில் முக்காலிமேல் இருந்த மண்பானை விழுந்து உடைந்தது. அங்கே குடிவந்த நாளிலிருந்து குடிதண்ணீர் வைத்திருந்த பானை. புஷ்பம் "ஐயோ" என்றாள். அவன் பானையைப் பார்க்கவில்லை, தண்ணீர் விரிப்பில் தெறித்ததா என்றுதான் பார்த்தான். தெறிக்கவில்லை.

வெள்ளம் வடிந்தது. வெயில் அடித்தது. விரிப்பைப் பழைய இடத்தில் போட்டார்கள். குழாயில் வந்த தண்ணீர் செம்மண்ணாக வந்து நாறியதால் எல்லார் வீட்டிலும் கேன் தண்ணீர் வாங்கினார்கள். புஷ்பம் கேனைக் கவிழ்க்கும் தாங்கியை வாங்கி, அடுப்படியில் இடமில்லாததால், கூடத்தில் பால்கனிக் கதவோரம் வைத்தாள். மறுநாள் காலையில் காலடி அடுப்படிக்கு முதுகைக் காட்டி, பால்கனியைப் பார்த்து நின்றது.

"மழை விட்ருச்சான்னு பாக்காளோ?" என்றாள் பிலோமி அக்கா. "வயசுப் பிள்ளைகளுக்கு எப்பவும் வாசப்பக்கம்தான் கண்ணு."

புஷ்பம் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் கேனைத் தாங்கியோடு நகர்த்தி, படுக்கையறைக் கதவோரம் வைத்தாள். விடிந்தபோது காலடி படுக்கையறையைப் பார்த்திருந்தது. பீரோ ஓரம் வைத்தாள், பீரோவைப் பார்த்தது. தெருவாசல் பக்கம் வைத்தாள், தெருவாசலைப் பார்த்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், நிலைகுலைந்தவள் மாதிரி அந்தக் கேனைக் கூடமெல்லாம் சுற்றிச் சுற்றி நகர்த்தினாள். பிள்ளையும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்பியது. பிறகு ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த தவசிக்கனியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க. பிள்ளை தண்ணியத்தான் பாக்கா."

அவன் சட்டையை ஆணியில் மாட்டினான். அது கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் மாட்டினான்.

"இத்தன வருசமும் பானையத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்கா. என்னையத் தேடுதான்னு எல்லாரும் சொன்னாவ. நானும் நம்பிட்டேன். எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு? பிள்ளை தொண்ட வறண்டு நின்னிருக்கா, நான் அவளுக்குப் புளிக்கொழம்பு வச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது சரியான பேச்சுதான், எந்த ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் முந்திக்கொண்டு வேறு அவசர நோயாளிகள் வந்து அவள் முறை தள்ளித் தள்ளிப் போனது. "அப்பா, தண்ணி தவிக்கி" என்றாள் நித்திலா. சுவரைப் பார்த்துச் சொன்னாள், கூரையைப் பார்த்துச் சொன்னாள், பிறகு அழுகை வறண்டு, உதட்டால் மட்டும் சொன்னாள். புஷ்பம் பொறுக்க முடியாமல் முந்தானை நுனியை நனைத்து அந்த உதட்டில் வைக்கப்போனாள். தவசிக்கனி அவள் கையைத் தட்டிவிட்டான். "இன்னும் கொஞ்ச நேரம்தான்டா. நீ முழிச்ச உடனே அப்பா தாரேன், எவ்வளவு வேணும்னாலும் தாரேன்" என்றான். பிள்ளை அதை நம்பித் தலையாட்டியது. அதற்கப்புறம் முழிக்கவில்லை. இருவரும் இதை ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"நனைஞ்சா போயிரும், புஷ்பம்" என்றான் அவன். "விரிப்பு போனா அவளும் போயிருவா. உனக்குத் தெரியும்லா."

"தெரியும்."

"பிறகு?"

"பிள்ளை நம்மகூட இருக்கணும்னு, தண்ணி குடுக்காம நிறுத்தி வச்சிருக்கமா? அதைச் சொல்லுங்க எனக்கு." அவள் குரல் உயரவே இல்லை. "நானே ஊத்திருவேன். நீங்க வேலைக்குப் போனப்புறம் ஊத்த எனக்கு எவ்வளவு நேரமாவும்? ஆனா அவ என்கிட்ட கேக்கல. உங்ககிட்டதான கேட்டா."

மறுநாள் கிரேனில் ஏறி உட்கார்ந்தவனுக்குக் கீழே கப்பலும் தெரியவில்லை, சரக்கும் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது, வானம் தொடுகிற வரைக்கும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாத தண்ணீர். விரிப்பைக் காப்பாற்றினேனா, பிள்ளையைக் காப்பாற்றினேனா, இல்லை, அன்றைக்குக் கையைத் தட்டிவிட்டதையே தினமும் காலையில் மறுபடி ஒருமுறை செய்து, அது சரிதான் என்பதைக் காப்பாற்றிக்கொண்டேனா? பூந்துடைப்பமும் ஆப்பசோடாவும் வேப்பிலையும் அன்பு இல்லாமல் வேறென்ன? அன்புதான். அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. அன்பில்லாத ஒருவன் எப்போதோ ஒரு நாள் கைதவறி ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டியிருப்பான்.

விஷயம் எப்படியோ மாடிப்படிக்கு வந்துவிட்டது. சாயங்காலம் அவன் வரும்போது எல்லாரும் திருப்பத்தில் கூடியிருந்தார்கள்.

"ஒரு சொட்டு விடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் பூலோகபாண்டி. "எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கதுக்கு முந்தி இதைத்தான் சொல்லிக் குடுத்தோம், அந்த வீட்டுக்கு ஈரக்காலோட போவாதன்னு. வெள்ளத்துல எம் பேரப்பிள்ளை படியில கெடந்து காய்ச்சல் கண்டுச்சு. யாருக்காக? அவ உங்க ரெண்டு பேருக்கு மட்டும் பிள்ளையா?"

"கொஞ்சமா, பஞ்சுல நனைச்சு வைப்போம்" என்றாள் ஒருத்தி. "உடனே மாடியில காயப்போட்ருவோம்."

பிலோமி அக்கா அதுவரைக்கும் படியில் உட்கார்ந்து, தலையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வருசா வருசம் அவ கால அளந்தேன்" என்றாள். "செருப்பு வச்சேன். வத்தைன்னு கேலி பண்ணினேன். ஒரு தம்ளர் தண்ணி வச்சனா? வீட்டுக்கு வந்த தபால்காரனுக்குக் குடுத்திருக்கேன், கேஸ் கொண்டுவந்தவனுக்குக் குடுத்திருக்கேன். என் மாதாவே, இவளுக்கு ஒரு நாள் வச்சனா? மூடி போடு, மூடி போடுன்னு குடத்த எல்லாம் மூடிக்கிட்டு அவ முன்னாடியே தூக்கிட்டுப் போனமே."

பூலோகபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில், காலடி பதிந்திருந்த நேரத்தில், தவசிக்கனி விரிப்பின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பஞ்சு யோசனையை அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சமாகக் கொடுத்து, உடனே ஒற்றியெடுத்து, உலர்த்திவிடலாம் என்று பக்கத்தில் பருத்தி வேட்டியை மடித்து வைத்திருந்தான். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடையில் தண்ணீரை எடுத்து, பெருவிரல் பதிந்திருந்த குழியில் ஊற்றினான். தண்ணீர் விழுந்தது, இறங்கியது, சணல் உலர்ந்தே இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம் இல்லை. இன்னும் ஒரு பாலாடை ஊற்றினான், தம்ளரில் ஊற்றினான், செம்பில் ஊற்றினான். ஊற்ற ஊற்ற அது சத்தமில்லாமல் உள்ளே போனது, விரிப்பு முதல் நாள் வெயிலில் காய்ந்தது மாதிரி மொரமொரவென்று கிடந்தது. தரையில் ஒரு துளி கசியவில்லை. அவன் பஞ்சையும் வேட்டியையும் மறந்தான். கேனைத் தாங்கியோடு தூக்கிக் கவிழ்த்தான். குபுகுபுவென்று முழுக்கேனும் இறங்கியது. காணாமல் போனது.

"இவ்வளவு தவிச்சியாம்மா" என்றான்.

வாசலில் நின்றவர்களில் முதலில் ஓடியவர் பூலோகபாண்டிதான். வீட்டிலிருந்த குடத்தைத் தோளில் வைத்து, மூடியில்லாமல், மார்பெல்லாம் நனைய ஏறி வந்தார். பிறகு எல்லார் வீட்டிலிருந்தும் வந்தது, காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர், பிடித்து வைத்திருந்த குடம், சமையலுக்கு எடுத்து வைத்திருந்த தவலை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் பாட்டில். வெள்ளத்தைத் தவிர அத்தனை வருடமும் சொட்டு விழாத மாடிப்படியில் தண்ணீர் வழிந்து ஓடியது. வருகிற ஒவ்வொருவரும் குடத்தைத் தவசிக்கனியிடம் கொடுத்தார்கள், யாரும் தாங்களாக ஊற்றவில்லை. அவன்தான் ஊற்றினான். ஊற்றும்போது காலடி சிறுத்தது.

அதை முதலில் கண்டது பிலோமி அக்கா. "பாருங்க, பாருங்க" என்றாள். "இது போன வருசத்துக் கால் இல்ல. இது பத்தாம் வகுப்புக் கால்." இன்னொரு குடம் இறங்கியது. "இது அந்தச் செவப்புச் செருப்புக் கால்." இன்னொரு குடம். "வார் அறுந்துபோச்சுன்னு ரெண்டு தடவ வாங்கினனே, அந்தக் கால்." ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு வருடம் போனது. தாங்கள் நூல் பிடித்து வளர்த்த பிள்ளை கண்ணெதிரே குறைந்து குறைந்து போவதை, அவள் படித்திருக்க வேண்டிய வகுப்புகளும் அவளுக்குச் செய்திருக்க வேண்டிய சீரும் பேசி வைத்திருந்த கல்யாணமும் தண்ணீரோடு இறங்கிப் போவதை, வெறும் குடங்களோடு நின்று எல்லாரும் பார்த்தார்கள். நிறுத்தச் சொல்ல ஒருவர் வாயும் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு குடத்துத் தண்ணீர் இறங்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் இரண்டு பாதங்களில், கட்டிலில் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதே அளவில், அது தேங்கி நின்றது, தளும்பாமல், தெளிவாக. தவசிக்கனி குடத்தைக் கீழே வைத்தான்.

"இன்னும் வேணுமாடா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்திருந்தான். "இன்னும் இருக்கு. அப்பா தாரேன்."

பாதங்களின் ஓரம் உடைந்தது. ஈரம் அங்கிருந்து புறப்பட்டு, பின்னல் போகிற போக்கிலேயே, நாலு பக்கமும் பரவியது. தேன் நிறம் காப்பி நிறமாகக் கறுத்துக்கொண்டே போய், அவன் தைத்துத் தைத்து வைத்திருந்த ஓரங்களைத் தொட்டது, தொட்டதும் இழைகள் விட்டுக்கொடுத்தன. சணல் வாடை கிளம்பியது. விரிப்பின் நடுவில் பள்ளம் எதுவும் இல்லை. கை பழக்கத்தில் பருத்தி வேட்டியை எடுத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்ற வேண்டும். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

புஷ்பம் காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"குடிச்சிட்டாளா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"குடிச்சிட்டா."

"வயிறு நெறையவா?"

அவள் காத்திருப்பது தெரிந்தது. மாடிப்படி வரைக்கும் நின்ற எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, புஷ்பம்" என்றான்.

அவள் அங்கேயே, தரையில் உட்கார்ந்துவிட்ட சத்தம் கேட்டது. தவசிக்கனி எழுந்திருக்கவில்லை. ஈரம் அவன் உடுத்தியிருந்த வேட்டியில் ஏறியது, முழங்காலுக்கு ஏறியது. எழுந்திருங்க என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.